புது மூட்டும் பழைய ஆடுகளமும்

முழங்கால் மூட்டை மாற்றிக்கொள்ள இசைந்த ஒருவர் மருத்துவரிடம் கேட்கும் வினாக்கள் பலவாகும். வலி எத்தனை நாள் நீடிக்கும், செலவு எவ்வளவு ஆகும், மாடிப்படி ஏற முடியுமா, பந்தியில் சம்மணமிட்டு உட்கார முடியுமா என்றெல்லாம் கேட்பார். இவையனைத்தையும் கேட்டு முடித்து, விடைபெற்றுக் கதவுவரை சென்றபின் திரும்பி நின்று, சற்றே கூச்சத்துடன் கேட்கும் வினா ஒன்றுண்டு. "மறுபடியும் ஆடலாமா?" என்பதே அது. அறுபதைக் கடந்தவர் விளையாட்டைப்பற்றிக் கேட்பது பிறர் செவிக்கு வேடிக்கையாகத் தோன்றக்கூடும். கேட்பவருக்கோ அந்த வினாவில் பாதி வாழ்வு அடங்கியிருக்கிறது. அதற்குரிய விடையை, நாம் கற்றறிந்ததும் பட்டறிந்ததும் கொண்டு ஈண்டு விளக்க முற்படுவோம்.

நாம் வாழ்வது திருவனந்தபுரத்தில். பிழைப்பின் பொருட்டு இருபத்து நான்கு வயதில் இந்நகருக்கு வந்தபோது, இங்கே நமக்கு உறவினர் எவருமில்லை, மலையாளமும் அரைகுறையே. முதல் நட்பைத் தேடித்தந்தது ஒரு மஞ்சள் நிறக் கம்பளிப் பந்து. அலுவலகத்திலிருந்து திரும்பும் வழியில், ஒரு பள்ளி மைதானத்தில் சிலர் பூப்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். ஓர் அணிக்கு ஐவர் வேண்டும். அன்று நால்வரே இருந்தனர். வேலிக்கு வெளியே நின்ற நம்மைக் கைகாட்டி அழைத்தார்கள். அன்று தொடங்கிய ஆட்டம் நாற்பதாண்டுகள் நடந்தது.

பூப்பந்து நம்மவர் ஆட்டம் என்பதை நேயர்கள் அறிந்திருக்கலாம். 1856-ஆம் ஆண்டளவிலேயே தஞ்சை அரச குடும்பத்தார் அதனை ஆடியதாகக் கூறுவர். 1954-இல் அதற்கென அகில இந்தியச் சம்மேளனம் அமைந்தது. 24 மீட்டர் நீளமும் 12 மீட்டர் அகலமுமுள்ள களம், நடுவே ஒரு வலை, பக்கத்துக்கு ஐவர், இவ்வளவே வேண்டுவது. இறகுப்பந்தைப்போலக் கூரையிட்ட கூடமும் தேவையில்லை. திறந்த வெளியில் மண்தரையே போதும். எனவே தமிழன் குடியேறிய இடங்களுக்கெல்லாம் அவனுடைய தோல்பையோடு அவ்வாட்டமும் சென்று சேர்ந்ததில் வியப்பில்லை. புலம்பெயர்ந்து வாழ்பவனுக்கு ஆடுகளம் என்பது பொழுதுபோக்கும் இடம் மட்டுமன்று. அவன் எந்த ஊரான், என்ன மொழியான் என்று எவரும் வினவாத இடம் அது; பந்தை எடுத்தானா, விட்டானா என்பதே அங்கு வழக்கு. அத்தகைய இடத்திற்குப் போக முடியாமற் போவது, ஊரில் பாதியை இழப்பது போலாகும்.

வலது முழங்காலின் தேய்மானம் நமக்கு மெல்ல மெல்லத்தான் வந்தது. முதலில் ஆட்டம் முடிந்தபின் வலித்தது. பிறகு ஆடும்போதே வலித்தது. கடைசியில் ஆடாதபோதும் வலித்தது. திருவனந்தபுரமோ மேடும் பள்ளமுமான நகரம். இங்கே எந்தத் தெருவும் நெடுந்தூரம் சமதளமாய்ச் செல்வதில்லை. ஏற்றத்தைவிட இறக்கமே தேய்ந்த மூட்டுக்குப் பகை என்பதை இவ்வூரார் எவரும் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

இனி, மூட்டுமாற்றம் என்பது யாது எனக் காண்போம். முழங்காலில் மூன்று எலும்புகள் கூடுகின்றன. மேலே தொடையெலும்பு, கீழே காலின் முன்னெலும்பு, முன்புறம் சில்லு. எலும்பும் எலும்பும் உராயாதபடி அவற்றின் முனைகளை வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. வயதினாலோ, பழைய காயத்தினாலோ, உடற்பருமனாலோ, பரம்பரையினாலோ இப்போர்வை தேய்ந்துபோகுமானால் எலும்பு எலும்பையே தேய்க்கத் தொடங்கும். குருத்தெலும்புக்குத் தானே மீண்டும் வளர்ந்து தன்னைச் சீர்செய்துகொள்ளும் ஆற்றல் மிகக் குறைவு. ஆகவேதான் தைலமும் ஒத்தடமும் வலியைத் தணிக்கின்றனவேயன்றித் தேய்ந்ததைத் திரும்பத் தருவதில்லை.

மூட்டுமாற்றம் என்ற பெயரைக் கேட்டதும், முழங்காலையே வெட்டியெடுத்து வேறொன்றைப் பொருத்துவார்கள் என்று பலர் அஞ்சுகின்றனர். உண்மை அதுவன்று. உலக்கையின் நுனி தேய்ந்தால் கொல்லரிடம் கொடுத்துப் பூண் கட்டுவிப்பது நம் இல்லங்களில் இருந்த வழக்கம். உலக்கை பழையதே, பூண் மட்டும் புதிது. அதுபோலவே, தேய்ந்த எலும்பு முனைகளைச் சில மில்லிமீட்டர் அளவுக்குச் சீவியெடுத்து, தொடையெலும்பின் நுனிக்கு உலோகக் கவசம் ஒன்றையும், கீழெலும்பின் தலைக்கு உலோகத் தட்டு ஒன்றையும் பொருத்துகின்றனர். கவசம் பெரும்பாலும் கோபால்ட்-குரோமியம் கலவையாலும், தட்டு டைட்டானியத்தாலோ கோபால்ட்-குரோமியத்தாலோ ஆனது. இவ்விரண்டிற்கும் இடையே பாலித்தீன் வகையைச் சேர்ந்த, மிக உறுதியான பிளாஸ்டிக் திண்டு ஒன்று அமர்கிறது. குருத்தெலும்பின் வேலையை அத்திண்டே ஏற்கிறது. தசைகளும், பெரும்பாலான இணைப்பு நார்களும் பழையனவே. இக்கடைசிச் செய்தியை நேயர்கள் நினைவில் இருத்திக்கொள்வது நலம். பின்னர் நாம் கூறப்போவதெல்லாம் அதனைச் சார்ந்தே இருக்கும்.

இம்முயற்சி ஒரே நாளில் கைகூடியதன்று. 1890-ஆம் ஆண்டிலேயே பெர்லின் நகரில் தெமிஸ்டாக்ளிஸ் குளுக் என்னும் மருத்துவர், காசநோயால் அழிந்த முழங்காலில் யானைத் தந்தத்தாலான கீல் ஒன்றைப் பொருத்திப் பார்த்தார். நோய்க்கிருமிகள் அம்முயற்சியை முறியடித்தன. பின்னர், இடுப்பு மூட்டை மாற்றுவதில் வழிகாட்டிய இங்கிலாந்து மருத்துவர் ஜான் சார்ன்லியிடம் பணிபுரிந்த கனடா நாட்டவரான பிராங்க் கன்ஸ்டன், 1968-இல் உலோகமும் பிளாஸ்டிக்கும் இணைந்த முழங்கால் மூட்டை வெளியிட்டார். 1974-இல் நியூயார்க்கில் ஜான் இன்சாலும் அவருடைய தோழர்களும் அமைத்த மூட்டே இன்றைய மூட்டுகளுக்கெல்லாம் முன்னோடி எனலாம்.

நம் நாட்டில் இச்சிகிச்சையின் பெயர் வீட்டுக்கு வீடு பேசப்படலாயிற்று, பிரதமராயிருந்த அடல் பிகாரி வாஜ்பாயி மும்பையில் 2000-ஆம் ஆண்டு அக்டோபரில் இடது முழங்காலையும், 2001 ஜூனில் வலது முழங்காலையும் மாற்றிக்கொண்ட காலத்தில்தான். செலவைப்பற்றிய அச்சத்தை ஓரளவு தணித்தது 2017 ஆகஸ்டில் மத்திய அரசு மூட்டுகளின் விலைக்கு விதித்த உச்சவரம்பு. பெரிதும் பயன்படும் கோபால்ட்-குரோமிய வகைக்கு, வரி நீங்கலாக, 54,720 ரூபாய் என அப்போது வரையறுத்தார்கள். இது மூட்டின் விலை மட்டுமே. மருத்துவமனைக் கட்டணம் வேறு. வெளி மாநிலத்தில் வாழும் நம்மவர்கள், சொந்த மாநிலத்துக் காப்பீட்டு அட்டை தாம் வாழும் ஊரில் செல்லுமா என்பதைப் படுக்கையில் சேர்வதற்கு முன்பே கேட்டறிந்துகொள்வது அவசியம்.

நிற்க. அறுவை முடிந்தபின் நடப்பது யாது? அதே நாளிலோ மறுநாளிலோ, வாக்கர் என்னும் நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நோயாளியை எழுந்து நிற்கச் செய்கிறார்கள். நம்மையும் அவ்வாறே செய்தார்கள். இயன்முறைப் பயிற்சியளிக்க வந்த இளம்பெண் மலையாளத்தில் இரண்டே சொற்களைத் திரும்பத் திரும்பக் கூறினாள். "மடக்கு, நிவர்த்து" என்பன அவை. முதற்சொல் நம் தமிழே. இரண்டாவது நம் 'நிமிர்த்து' என்பதற்கு அக்காள் தங்கை. முதல் ஆறு வாரங்களில் செய்யவேண்டிய பணி முழுவதும் அவ்விரு சொற்களுக்குள் அடங்கிவிடுகிறது.

இவற்றுள் பலரும் மடக்குவதிலேயே கருத்தைச் செலுத்துகின்றனர், நிமிர்த்துவதை மறந்துவிடுகின்றனர். கால் முழுவதும் நேராக நிமிராவிட்டால் நடை நொண்டும். தொடைத்தசை ஓயாமல் உழைக்க நேரிடும். ஆகையால் படுத்திருக்கும்போது முழங்காலின் கீழ்த் தலையணையை வைத்துக்கொள்வது, அப்போதைக்கு இதமாயினும், பின்னர்க் கேடு பயக்கும். குதிகாலின் கீழ் ஒரு சுருட்டிய துண்டை வைத்து, முழங்கால் தன் எடையாலேயே தாழும்படி விடுதலே முறை. மடக்குவதைப் பொறுத்தவரை, நாற்காலியில் அமர்ந்து எழத் தொண்ணூறு பாகையளவு வேண்டும். படிகளில் இயல்பாக இறங்க அதற்கும் சற்று மேலாக வேண்டும். குந்துவதும், மண்டியிடுவதும், சம்மணமிடுவதும் பலருக்குக் கைகூடுவதில்லை. மருத்துவர்களும் அவற்றை ஊக்குவிப்பதில்லை. ஓணத்து இலைச் சாப்பாட்டுக்கும் கோயில் பிராகாரத்துக்கும் இனி நாற்காலியே துணை. இதில் நாணுவதற்கு யாதுமில்லை.

முன்னர், தசைகள் பழையனவே என்றோம். அறுவைக்குப்பின் முதல் மாதத்தில் தொடையின் முன்பக்கத் தசை தன் வலுவில் பாதியளவை இழந்துவிடுவது இயல்பு. புதிய மூட்டு எவ்வளவு சிறந்ததாயினும், அதனைத் தாங்கி நிறுத்தவேண்டிய தசை மெலிந்திருந்தால், கால் தடுமாறும். ஆட்டத்தில் திடீரென நிற்கவும் திரும்பவும் இயலாது. எனவே ஆடுகளத்திற்குத் திரும்பும் வழி தொடைத்தசையின் வழியேதான் செல்கிறது. காலை நீட்டித் தசையை இறுக்கி ஐந்து எண்ணும்வரை நிறுத்துதல், நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து அமர்தல், தாழ்ந்த படி ஒன்றில் ஏறி இறங்குதல், பின்னர் மருத்துவர் இசைவோடு நிலைமிதிவண்டி மிதித்தல் எனப் பயிற்சி படிப்படியாக வளர்கிறது. ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் ஒரே மூச்சில் செய்வதைவிட, மூன்று வேளையும் சிறிது சிறிதாகச் செய்வது பயன் தரும்.

தை மாதத்தில் நமக்கு அறுவை நடந்தது. பங்குனியில் கைத்தடியுடன் மியூசியம் வளாகத்துக்குக் காலை நடைக்குச் செல்லலானோம். நகரத்தார் பலரும் விடியலில் கூடும் அவ்விடத்தில், மர நிழலும் அமர்வதற்கு இருக்கைகளும் உள்ளன. நம்மைப்போலக் கைத்தடியுடன் வந்தவர்களை அங்கே கண்டபோது, துன்பத்திலும் ஒரு குடும்பம் உண்டென்பது விளங்கிற்று.

ஆயினும் வைகாசியில் ஒரு தவறு செய்தோம். நான்கு மாதம் ஆயிற்று, வலியில்லை, கால் நன்றாக மடங்குகிறது என்ற துணிவில், ஒருவரிடமும் கூறாமல், பழைய மட்டையை எடுத்துக்கொண்டு சென்று, ஓர் இளைஞனைப் பந்து போடச்சொல்லி அடித்துப் பார்த்தோம். பத்து நிமிடம் இன்பமாகவே இருந்தது. பிறகு வலப்புறம் தாழ்ந்து வந்த ஒரு பந்துக்குப் பழைய நினைவில் காலை நீட்டிப் பாய்ந்தோம். பந்து கிடைத்தது, முழங்கால் மூன்று நாள் வீங்கிற்று. இயன்முறையாளர் கடிந்துகொள்ளவில்லை. "மறுநாள் காலையில் கால் என்ன சொல்கிறது என்று கேளுங்கள், ஆடும்போது அது பொய் சொல்லும்" என்று மட்டும் கூறினாள்.

இதனை ஒரு விதியாகவே கொள்ளலாம். எந்தப் பயிற்சியானாலும், அதற்குரிய விலை மறுநாள்தான் தெரியும். மறுநாள் காலையில் வீக்கமும் வெப்பமும் கூடியிருந்தால், முந்தைய நாள் செய்தது மிகை. அதனைப் பாதியாகக் குறைக்க வேண்டும். கூடாதிருந்தால் அதே அளவில் சில நாள் தொடர்ந்து, பின்னரே ஒரு படி ஏற்றலாம். துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பதினைந்து நிமிடம் வைப்பதும், காலை உயர்த்தி ஓய்வு கொள்வதும் வீக்கத்தைத் தணிக்கும். சிறிதளவு வீக்கமும் இளஞ்சூடும் சில மாதங்கள் இருப்பதும், மடக்கும்போது 'டக்' என்ற ஒலி எழுவதும், தழும்பின் வெளிப்புறம் மரத்திருப்பதும் அச்சத்திற்குரியன அல்ல.

எந்த ஆட்டம் ஆகும், எது ஆகாது என்பதை வெறும் அனுமானத்தால் கூற வேண்டியதில்லை, அளந்தே பார்த்திருக்கிறார்கள். 2004-ஆம் ஆண்டில் அமெரிக்காவில், சுமையை அளந்து வானொலி அலைகளின் மூலம் வெளியே அறிவிக்கும் நுண்கருவி பொருத்திய செயற்கை மூட்டு ஒன்றை ஒரு முதியவருக்கு வைத்தனர். அத்தகைய மூட்டுகள் தெரிவித்த செய்தி இது: மிதிவண்டி மிதிக்கையில் முழங்கால் தாங்கும் சுமை உடல் எடையைப்போல் ஏறத்தாழ ஒன்றேகால் மடங்கு, சமதளத்தில் நடக்கையில் இரண்டு முதல் மூன்று மடங்கு, படியிறங்குகையில் மூன்று மடங்குக்கு மேல், மெல்லோட்டத்திலும் டென்னிஸ் அடிகளிலும் நான்கு மடங்குக்கு மேல். அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் ஓடும்போது அவருடைய முழங்கால் ஒவ்வோர் அடிக்கும் இருநூற்று நாற்பது கிலோவைத் தாங்குகிறது என்பது இதன் பொருள். உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால் மூட்டுக்குப் பல கிலோ குறைகிறது என்பதும் இதனாலேயே பெறப்படும்.

ஆகவேதான் நடை, நீச்சல், மிதிவண்டி ஆகியவற்றை மருத்துவர்கள் மனமுவந்து அனுமதிக்கின்றனர். நீச்சலுக்குப் புண் முற்றிலும் ஆறியிருத்தல் வேண்டும். ஆற்றிலும் குளத்திலும் இறங்க விரும்புவோர் மருத்துவரின் சொல்லைக் கேட்டே இறங்குதல் வேண்டும். இருவர் இருவராக ஆடும் டென்னிஸ், இறகுப்பந்து போன்றவற்றை, முன்பே பழகியவர்களுக்கு, ஏறத்தாழ ஆறு மாதத்துக்குப் பிறகு, காலின் நிலையைப் பார்த்து இசைகின்றனர். ஓட்டப்பந்தயம், கால்பந்து, கூடைப்பந்து, கபடி முதலியவற்றை வேண்டாமென்றே கூறுகின்றனர். திண்டு தேய்வதும், பொருத்தப்பட்ட பகுதி தளர்வதும், விழுந்தால் அருகிலுள்ள எலும்பு முறிவதுமே அவர்களுடைய கவலை. 2019-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வின்படி, முழுமையாக மாற்றிய முழங்கால் மூட்டுகளில் நூற்றுக்கு எண்பத்திரண்டு, இருபத்தைந்து ஆண்டுகள் வரை நிலைக்கின்றன. எனவே அறுபத்தைந்து வயதில் மாற்றிக்கொள்பவருக்கு அது ஆயுள்வரை துணைநிற்க வாய்ப்பு மிகுதி. அதனைச் சில மாத ஆசைக்காகப் பணயம் வைப்பது அறிவுடைமையாகாது.

உலகப் புகழ்பெற்ற ஆட்டக்காரர்களின் வரலாறும் ஈண்டு நினைக்கத்தக்கது. விம்பிள்டனில் ஆறுமுறை மகளிர் ஒற்றையர் பட்டம் வென்ற பில்லி ஜீன் கிங் அம்மையார், 2010-இல் இரு முழங்கால்களையும் மாற்றிக்கொண்டார். 2019-இல் ஓய்வுபெற்ற அமெரிக்கப் பனிச்சறுக்கு வீராங்கனை லிண்ட்சி வான், 2024 ஏப்ரலில் வலது முழங்காலின் ஒரு பகுதியை மாற்றிக்கொண்டு, அவ்வாண்டு டிசம்பரிலேயே உலகக் கோப்பைப் போட்டிகளுக்குத் திரும்பி, 2025 மார்ச்சில் நாற்பது வயதில் ஒரு பந்தயத்தில் இரண்டாமிடம் பெற்றார். இதனைக் கேட்டு உள்ளம் துள்ளுவது இயல்பே. ஆனால் அவருக்கு மாற்றியது மூட்டின் ஒரு பகுதியே. தசை வலுவோ வாழ்நாள் முழுவதும் சேர்த்த செல்வம். நாள்தோறும் உடனிருந்து பயிற்றுவிப்பவர்களும் உண்டு. அவர்களிடமிருந்து நாம் கொள்ளவேண்டியது மனவுறுதியையேயன்றி, காலக்கணக்கை அன்று.

நம் கதையை முடித்துவிடுவோம். ஆறு மாதம் நிறைவுற்றபோது ஆடி மாதம். தென்மேற்குப் பருவமழை விட்டபாடில்லை. மழையில் ஊறிய செம்மண் களத்தில் இளைஞர்களே வழுக்குவர்; படிக்கட்டிலெல்லாம் பாசி. புது மூட்டுக்காரர்கள் இந்நகரில் பந்தைவிட அஞ்சவேண்டியது ஈரத்தரைக்கே. ஆவணியில் ஓணம் வந்தது. நண்பர்கள் ஒரு போட்டி ஏற்பாடு செய்து, "அண்ணாச்சி, உங்கள் இடம் காலியாகவே இருக்கிறது; வந்து நில்லுங்கள், போதும்" என்றார்கள். மறுப்பது எளிதாயிருக்கவில்லை. ஆனால் போட்டி என்று வந்துவிட்டால் மனம் முழங்காலின் பேச்சைக் கேளாது என்பதை வைகாசி கற்பித்திருந்தது. ஆகவே நடுவர் நாற்காலியில் அமர்ந்துகொண்டோம். புரட்டாசியில், களம் உலர்ந்த ஒரு மாலையில், மருத்துவரின் இசைவோடு, பதினைந்து நிமிடம் மட்டும் ஆடினோம்.

அந்த மாலைக்கு முன் வகுத்துக்கொண்ட நெறிகளை நேயர்களுக்கும் கூறுகிறோம். பத்து நிமிடம் நடந்து உடலைச் சூடேற்றிக்கொள்ளவேண்டும். வழுக்காத, பொருத்தமான காலணி அணியவேண்டும். ஐவரில் ஒருவராக, ஓடியாட வேண்டாத இடத்தில் நிற்கவேண்டும். காலடியில் விழும் பந்தையும் எட்டாத பந்தையும் விட்டுவிடவேண்டும். பாதத்தை ஊன்றியபடி முழங்காலைத் திருகாமல், சிறு சிறு அடிகளாக எடுத்துவைத்து உடலோடு திரும்பவேண்டும். முதல் மாதம் வாரம் இருமுறைக்கு மேல் வேண்டாம். இவற்றுள் மிகக் கடினமானது எட்டாத பந்தை விடுவதே. நாற்பதாண்டுப் பழக்கம் அதற்குக் குறுக்கே நிற்கும்.

சில அறிகுறிகள் தோன்றினால் ஆட்டத்தை நிறுத்துவது மட்டும் போதாது. உடனே மருத்துவரை அணுகவேண்டும். கெண்டைக்காலில் புதிதாக வலியும் வீக்கமும் தோன்றுதல், இரத்தம் உறைந்திருப்பதைக் குறிக்கலாம். திடீர் மூச்சுத்திணறலும் நெஞ்சுவலியும் அவ்வுறைவு நுரையீரலை எட்டியதைக் குறிக்கலாம். அப்போது ஒரு நிமிடமும் தாமதித்தல் ஆகாது. காய்ச்சல், தழும்பு சிவந்து நீர் கசிதல், நாளுக்கு நாள் கூடும் வலி ஆகியவை கிருமித் தொற்றின் அடையாளமாகலாம். கால் திடீரென மடங்கி விழச்செய்தால் அதுவும் புறக்கணிக்கத்தக்கதன்று. வெளியூரில் தனித்து வாழும் நம்மவர்கள், "ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று இவற்றைத் தள்ளிப்போடுவது மிகவும் தவறு. வலியைச் சொல்ல மொழி தடையாகுமோ என்று தயங்கவும் வேண்டாம். உடன் ஆடும் நண்பர் ஒருவரை அழைத்துச் செல்லுங்கள்.

ஆகவே, "மறுபடியும் ஆடலாமா?" என்ற வினாவுக்கு விடை இதுவே: ஆடலாம்; ஆனால் பழைய ஆட்டத்தை அன்று. பாய்ந்து எடுத்த பந்துகள் இனி இளையோருக்குரியவை. நின்ற இடத்துக்கு வரும் பந்து நமக்குரியது. அது குறைவாக வந்தாலும் வருகிறது. அன்று மாலை நமக்கு வந்த பந்துகள் பதினொன்று; எடுத்தவை ஏழு. மறுநாள் விடிந்ததும் முதல் வேலையாக முழங்காலைத் தொட்டுப் பார்த்தோம். வீக்கமில்லை. வாசலில் மட்டையின் நரம்பைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டுச் சேட்டன் வேலிக்கு அப்பாலிருந்து கேட்டார், "இன்னைக்கும் களியுண்டோ?" என்று. "நாளை மறுநாள்" என்றோம்.